நல்ல வேட்டி, நல்ல சட்டைத் துணி: எப்படிக் கண்டறிவது?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நெருங்கும் நாட்களில் ஜவுளிக்கடைகளுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? கோமதியம்மனைத் தரிசிக்க வந்தவர்கள் பாதிப்பேர், துணி எடுக்க வந்தவர்கள் பாதிப்பேர் என்று கூட்டம் நெரியும். அங்கே ஓர் இளைஞர், முதல் சம்பளத்தில் தம் தந்தைக்கு ஒரு வேட்டியும் தமக்கு ஒரு சட்டையும் எடுக்க வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டு வேட்டிகளை விரிக்கிறார். இரண்டும் வெள்ளை, இரண்டும் மொடமொடவென்று நிற்கின்றன, இரண்டிலும் ஒரே மாதிரி கரை. ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் மூன்று மடங்கு. "இது அந்தக் காலத்துச் சரக்கு, தம்பி! உங்க தாத்தா கட்டின மாதிரி," என்கிறார் கடைக்காரர். மூன்று மடங்கு விலை கொடுக்கலாமா, கூடாதா?

இப்போது ஆண்களின் உடையில் பழைய பாணிக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. கைத்தறிக் கட்டம்போட்ட சட்டை, காலர் இல்லாத ஜிப்பா, மல் வேட்டி, நீலச்சாயத் துணி என்று பலவும் 'பழமை' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. கூடுதல் விலைக்குத் தகுதியானவையும் அவற்றில் உண்டு; வெறும் பெயருக்குப் பழமையானவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கடைக்காரரின் வாய்மொழி போதாது. ஆனால் துணி தன் கதையைத் தானே சொல்லும். கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சிலிருந்து தொடங்குவோம்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டிவரை பரந்து கிடப்பது கரிசல் மண். இந்த மண்ணின் பழைய பருத்தி 'கருங்கண்ணி'. மழையை மட்டுமே நம்பி விளையும் நாட்டுப் பருத்தி இது. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்தக் கருங்கண்ணி இனத்தை மேம்படுத்துவதில் நெடுங்காலம் ஈடுபட்டது. கருங்கண்ணியின் இழை குட்டையானது, சற்றுத் தடித்தது. ஆகவே அதிலிருந்து மிக மெல்லிய நூல் நூற்க இயலாது.

ஏன் இயலாது? நூல் என்பது ஒட்டிவைத்த இழைகள் அல்ல; முறுக்கிவைத்த இழைகள். ஒன்றை ஒன்று உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் நூல் அறாமல் நிற்கிறது. இழை நீளமாக இருந்தால் அண்டை இழைகளைத் தொடும் இடம் அதிகம், பிடிப்பும் அதிகம். குட்டை இழையைக்கொண்டு மெல்லிய நூல் நூற்றால், ஒரு குறுக்குவெட்டில் சில இழைகளே இருக்கும். அவையும் விரைவில் முடிந்துவிடும். நூல் நழுவி அறும். அறாமல் தப்பினாலும், இழைகளின் நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு, நாளடைவில் துணியின்மேல் சிறுசிறு உருண்டைகளாகத் திரளும். விலை மலிந்த சட்டையின் காலரில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது 'சுவின்' பருத்தி. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இவ்வினம், சுஜாதா என்னும் இனத்தையும் செயின்ட் வின்சென்ட் என்னும் மேற்கிந்தியத் தீவு இனத்தையும் கலந்து பெறப்பட்டது. இரு பெயர்களின் முதலெழுத்துகளே 'சுவின்' ஆயின. இதன் இழை உலகின் மிக நீண்ட பருத்தி இழைகளுள் ஒன்று. ஆனால் மகசூல் குறைவு, வயலில் நிற்கும் காலம் அதிகம் என்பதால் மிகக் குறைந்த பரப்பிலேயே பயிராகிறது. எனவே சந்தையில் 'சுவின்' என்று எழுதப்பட்ட ஒவ்வொரு துணியையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இதனால் கருங்கண்ணி மட்டம், சுவின் உயர்வு என்று பொருளல்ல. 20, 30 நம்பர் நூலில் நெய்த முரட்டுக் கருங்கண்ணித் துணி வெயிலுக்கு இதமாக இருக்கும்; உழைக்கும். அதைத் தக்க விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம். அதை மல் துணி என்று நம்பி வாங்குவதுதான் ஏமாற்றம்.

நம்பர் என்றால் என்ன?

நெசவாளர்கள் '40-ஆம் நம்பர்', '80-ஆம் நம்பர்' என்று பேசுவதைச் சங்கரன்கோவில் தெருக்களில் கேட்கலாம். விசைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊர் அது. தறிச் சத்தத்தோடு நம்பர் பேச்சும் காதில் விழும். இதன் கணக்கு எளிது. 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் உள்ளனவோ அதுவே அந்த நூலின் நம்பர். 80-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, 80 × 840 = 67,200 கெஜம் நூல் இருக்கும். மீட்டரில் சொன்னால் 61 கிலோமீட்டருக்கு மேல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

'2/80' என்று எழுதியிருந்தால், 80-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூல் என்று பொருள். பருமனில் இது 40-ஆம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமமே. ஆயினும் ஒரு நூலின் மெலிந்த இடத்தை மற்றொரு நூல் ஈடுசெய்வதால் இரட்டை நூல் சீராகவும் வலுவாகவும் இருக்கும். கூடுதல் விலை கொடுக்கத்தக்க சட்டைத் துணிக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான்: பாவில் இரட்டை நூலா, ஒற்றை நூலா?

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். எட்டு முழ வேட்டி ஒன்றின் நீளம் 4 மீட்டர், அகலம் 50 அங்குலம் என்று கொள்வோம். அங்குலத்துக்குப் பாவில் 72 இழை, ஊடையில் 68 இழை. பாவு இழைகள் மொத்தம் 3,600. ஒவ்வொன்றும் 4 மீட்டர் எனில் 14.4 கிலோமீட்டர். ஊடை இழைகள் ஏறத்தாழ 10,700, ஒவ்வொன்றும் 1.27 மீட்டர் எனில் 13.6 கிலோமீட்டர். ஆக ஒரு வேட்டியில் 28 கிலோமீட்டர் நூல்! சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையத்தை நெருங்கிவிடலாம்.

இந்தக் கணக்கு வெறும் வேடிக்கைக்கன்று. அந்த 10,700 ஊடை இழைகளையும் கைத்தறியில் ஒருவர் ஒவ்வொன்றாக நாடாவைச் செலுத்தி நெய்கிறார். நிமிடத்துக்கு 40 முறை என்று வைத்தாலும், இழை அறாமல், எழுந்திருக்காமல் நெய்தால் நான்கரை மணி நேரம். உண்மையில் அறுந்த இழையை முடிவதற்கும், தார் மாற்றுவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு பகற்பொழுது போய்விடும். சாதாரண விசைத்தறியோ நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் ஊடை செலுத்தும். ஒருவரே பல தறிகளைக் கவனிப்பார். கைத்தறி வேட்டியின் கூடுதல் விலை அந்தப் பகற்பொழுதின் கூலி. விசைத்தறி வேட்டியைக் கைத்தறி என்று விற்றால் அந்தக் கூலி கைத்தறிக்காரருக்கும் போய்ச் சேராது, விசைத்தறித் தொழிலாளிக்கும் போய்ச் சேராது. இடையிலிருப்பவர் பையில் விழும்.

கஞ்சி செய்யும் மாயம்

மேற்சொன்ன வேட்டி 80-ஆம் நம்பர் நூலில் நெய்யப்பட்டதாயின் அதன் எடை என்ன? 61.4 கிலோமீட்டருக்கு 454 கிராம் எனில் 28 கிலோமீட்டருக்கு 207 கிராம். பாவும் ஊடையும் ஒன்றின்மேல் ஒன்று வளைந்து செல்வதாலும், கரையில் இழை நெருக்கம் மிகுதியாதலாலும், ஓரிரு பத்துக் கிராம் கூடலாம். ஆனால் தராசு 300 கிராம் காட்டினால்? ஒன்று, நூல் 80-ஆம் நம்பர் அன்று. அல்லது மீதியெல்லாம் கஞ்சி.

பாவுக்குக் கஞ்சி போடுவது தேவையான செயலே. இல்லாவிட்டால் தறியில் உரசி இழைகள் அறுந்துபோகும். ஆனால் நெய்து முடிந்த துணிக்கு மேலும் மாவுக்கஞ்சி ஏற்றி, இழைகளின் இடைவெளியை அடைத்து, நெருக்கமாக நெய்தது போன்ற தோற்றம் தருவதும் உண்டு. முதல் சலவையில் மாவு கரைந்தோடும்; துணி கொசுவலையாய்த் தொங்கும்.

இதைச் சோதிக்க மூன்று வழிகள். கடையிலேயே செய்யத்தக்கது முதல் வழி: துணியின் மூலையை இரு கைகளாலும் பிடித்துக் கசக்கித் தேய்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரலில் வெண்பொடி ஒட்டினால், தேய்த்த இடம் மட்டும் சல்லடையாகத் தெரிந்தால், மேற்கொண்டு பேச்சு வேண்டியதில்லை. இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் நீங்கள் செய்திருக்கக்கூடிய அயோடின் சோதனை. துண்டுத் துணியில் ஒரு சொட்டு நீர்த்த அயோடின் கரைசலை விட்டால், மாவுப்பொருள் இருக்கும் இடம் கருநீலமாகும். லேசான நீலம் இயல்பு. மைபோல் கறுத்தால் கஞ்சி மிகுதி. மூன்றாவது, எடைச் சோதனை. வாங்கிய துணியை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, வெந்நீரில் ஊறவைத்து நன்கு அலசி, உலர்த்தி, மீண்டும் எடை போடுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரியான வானிலையில் எடை போட வேண்டும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையில் அதன் உலர் எடையில் 8.5 விழுக்காடு ஈரம் இருக்கும். மழைநாளில் ஒரு தடவையும் பங்குனி வெயிலில் ஒரு தடவையுமாக நிறுத்தால் கணக்கு பொய்த்துவிடும்.

பருத்திதானா அது?

நூலை எரித்துப் பார்க்கும் முறையைப் பலர் அறிவர். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணத்து, ஊதினால் பறக்கும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான கறுப்புமணியாக நிற்கும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் வீசும். சேலம் வெண்பட்டு வேட்டி என்று சொல்லி எதையாவது கொடுத்தால் இந்தச் சோதனை பயன்படும்.

ஆனால் இச்சோதனை ஓரிடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். விஸ்கோஸ் எனப்படும் செயற்கைப் பட்டிழையும் பருத்தியைப்போல் செல்லுலோஸினால் ஆனதே. ஆகவே அதுவும் காகிதம்போலவே எரியும். இரண்டையும் பிரிக்க நெருப்பு உதவாது, தண்ணீர் உதவும். ஓர் இழையை உருவி எடுத்து, அதன் நடுவில் மட்டும் நாக்கால் ஈரப்படுத்தி, இரு நுனிகளையும் பிடித்து மெதுவாக இழுங்கள். ஈரமான இடத்தில் அறுந்தால் விஸ்கோஸ். உலர்ந்த இடத்தில் அறுந்தால் பருத்தி. நனைந்தால் வலுக்கூடும் சில இழைகளுள் பருத்தி ஒன்று. விஸ்கோஸ் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலுவை இழந்துவிடும். வண்ணான்துறைக் கல்லில் அடித்தும் நம் பாட்டனாரின் வேட்டி பல்லாண்டு உழைத்ததற்கு இதுவே காரணம்.

பாலியெஸ்டர் கலந்த துணியை நான் குறைசொல்லவில்லை. விரைவில் உலரும், கசங்காது, மலிவு. பேருந்தில் நாள்தோறும் போய்வருபவருக்கு அது வசதியே. ஆனால் பாலியெஸ்டர் ஏற்கும் ஈரம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. தென்காசி மாவட்டத்துச் சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சாத சட்டையை, 'பழைய பாணி' என்பதற்காக அதிக விலை கொடுத்து வாங்குவானேன்?

நல்ல பருத்தித் துணியில் சில சமயம் பட்டின் பளபளப்பைக் காணலாம். இது ஏமாற்றன்று. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறை இது. காஸ்டிக் சோடாக் கரைசலில் பருத்தியைத் தோய்த்தால், நாடாபோல் முறுக்கித் தட்டையாகக் கிடக்கும் இழை உப்பி உருண்டையாகும். பின்னர் ஹொரேஸ் லோ என்பவர், நூலை இழுத்துப் பிடித்தபடியே தோய்த்தால் மினுமினுப்பும் வருகிறது என்று காட்டினார். கஞ்சியும் மெழுகும் தரும் பளபளப்பு ஒரு சலவையில் போய்விடும், இது போகாது.

சாயம் கரைந்ததால் பெயர்பெற்ற துணி

ஆண்களின் பழைய பாணி உடை என்றதும் மேனாட்டார் நினைக்கும் துணிகளுள் ஒன்று 'மெட்ராஸ்' என்ற நம் ஊர்ப் பெயரையே தாங்கியிருக்கிறது. மெல்லிய பருத்தியில், பல வண்ணக் கட்டம் போட்டது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து இத்துணியை வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் தனியே துவைக்க வேண்டும், சாயம் கரையும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளரைச் சென்றடையவில்லை. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் இத்துணியாலான உடைகளை வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட, சாயம் கலங்கி மற்ற உடைகளையும் கறைப்படுத்தியது. வழக்கு வருமோ என்ற நிலையில், விளம்பரக்காரர்கள் குறையையே குணமாக்கினர்: இது சாயம் கரையும் துணி, கரைவது உறுதி, ஒவ்வொரு சலவையிலும் புதுத் தோற்றம் பெறும் என்று பறைசாற்றினர். மக்கள் விரும்பி வாங்கினர் என்கிறது அந்தக் கதை.

விளம்பரம் வென்றது சரி. ஆனால் உங்கள் வீட்டு வாளியில் அந்தச் சட்டையோடு வெள்ளை வேட்டியும் ஊறிக்கொண்டிருந்தால் விளம்பரம் உதவுமா?

சாயம் ஏன் கரைகிறது? சில சாயங்கள் இழையில் வலுக்குறைந்த கவர்ச்சியினால் ஒட்டிக்கொண்டு மட்டுமே இருக்கும். தண்ணீர் வந்தால் அதனோடு போய்விடும். நீலி எனப்படும் அவுரிச் சாயத்தின் முறை வேறு. அது நீரில் கரையாதது. தொட்டியில் ஆக்சிஜனை நீக்கிக் கரையும் வடிவுக்கு மாற்றி, நூலில் ஏற்றி, காற்றில் விரித்ததும் மீண்டும் ஆக்சிஜன் ஏற்று நீலமாகி, இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எனவே நல்ல நீலி சலவையில் அதிகம் போகாது. ஆனால் மேற்புறத்தில் தங்கிய சாயம் உரசினால் ஒட்டும். 1956-இல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்களோ செல்லுலோஸுடன் வேதிப்பிணைப்பே கொண்டுவிடுகின்றன. இவை நன்கு அலசப்பட்டிருந்தால் கரைவதில்லை.

கடையில் செய்ய வேண்டியது ஒன்றே. வெள்ளைக் கைக்குட்டையைச் சற்று நனைத்து, துணியின் உட்புறத்தில் பத்துமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிய துணியையே பழையதுபோல் வெளுத்து, நைந்து தோன்றச் செய்து விற்கிறார்கள். எரிமலைக் கல்லோடு சுழற்றியோ, செல்லுலோஸைத் தின்னும் நொதியைக் கொண்டோ மேற்பரப்பை அரித்துவிடுவார்கள். மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மென்மை, துணியின் ஆயுளில் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்துப் பெற்றது. பாதி உடுத்திய துணிக்கு முழு விலையும் அதற்கு மேலும் கேட்கிறார்கள்!

சுருக்கமும் தையலும்

தறியில் இழுத்துக் கட்டப்பட்ட நூல், நனைந்ததும் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்ப முயலும். இதுவே சுருக்கம். சான்ஃபோர்டு கிளுவெட் என்ற அமெரிக்கர் 1930-ஐ ஒட்டி, துணியை ஆலையிலேயே இயந்திரத்தால் முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறையைக் கண்டார். கைத்தறித் துணிக்குப் பெரும்பாலும் இது செய்யப்படுவதில்லை. ஆகவே தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஓர் இரவு நனைத்து உலர்த்துங்கள். 4 விழுக்காடு சுருங்கினால், 40 சென்டிமீட்டர் காலர் 38.4 ஆகிவிடும்; கழுத்துப் பொத்தானைப் போட முடியாது.

தைத்த சட்டையாயின் உள்ளே புரட்டிப் பாருங்கள். பக்கத் தையலில் துணி விளிம்பு மடித்து மூடப்பட்டிருக்கிறதா, நூல் பிசிறு வெளியே தெரிகிறதா? கட்டம் போட்ட சட்டையில், பையின் கட்டமும் உடலின் கட்டமும் ஒன்றியிருக்கின்றனவா? ஒன்றியிருந்தால் தையற்காரர் துணியைத் தாராளமாகச் செலவிட்டிருக்கிறார். பொத்தான் சிப்பியா, பிளாஸ்டிக்கா என்றறிய உதட்டில் வைத்துப் பாருங்கள். சிப்பி வெப்பத்தை விரைந்து கடத்துவதால் சில்லென்றிருக்கும்.

கைத்தறியா என்பதற்கு மட்டும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லத்தக்க ஒரே சோதனை கிடையாது. ஊடை நெருக்கத்தில் சிறு ஏற்றத்தாழ்வு கைத்தறியில் உண்டு. கவனமில்லாத விசைத்தறியிலும் உண்டு. விளிம்பிலுள்ள ஊசித்துளைகளைக் காட்டுவார்கள். துணியை அகலம் குறையாமல் விரித்துப் பிடிக்கும் அமைப்பு இரண்டு தறிகளிலும் இருப்பதால் அதுவும் சான்றாகாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. குறிப்பிட்ட சில வேட்டிவகைகளும் அதில் அடங்கும். 2006 முதல் கைத்தறி முத்திரை வழங்கப்பட்டு வருகிறது. அந்த முத்திரையைத் தேடுங்கள். அல்லது 1935-இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு விற்பனை நிலையத்தில் வாங்குங்கள்.

சரி, மூன்று மடங்கு விலை தகுமா? 500 ரூபாய்ச் சட்டை 40 சலவை தாங்குகிறது, 1,500 ரூபாய்ச் சட்டை 150 சலவை தாங்குகிறது என்று கொள்வோம். முன்னதில் ஒரு சலவைக்குப் பன்னிரண்டரை ரூபாய், பின்னதில் பத்து ரூபாய். அதே 1,500 ரூபாய்ச் சட்டை 60 சலவையிலேயே நைந்தால் இருபத்தைந்து ரூபாய். வளரும் பையனுக்கும், எண்ணெயும் கிரீஸும் படும் வேலைக்கும் எவ்வளவு நல்ல துணியானாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்பாவின் வேட்டிக்கு ஒத்துவரும்.

அந்த வேட்டியை ஒவ்வொரு சலவைக்கும் கஞ்சி போட்டு உடுத்தினாலும் தவறில்லை. ஆனால் அடுத்த திருவிழாவரை பெட்டியில் வைப்பதானால் கஞ்சியை நன்றாக அலசிப் போக்கி, நிழலில் உலர்த்தி மடித்து வையுங்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கியோடும் அந்துப்பூச்சி மாவுப்பொருளைத் தேடித்தான் வருகிறது. வந்த இடத்தில் வேட்டியையும் சேர்த்து அரித்துவிடும்.